காரில் பிஎம் 2.5 எண் இறங்கவே மாட்டேன் என்கிறது: சென்சாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி இதுதான். நான்கு வருடம் ஓடிய எஸ்யூவி. முன் இருக்கைகளுக்கு நடுவே ஏர் பியூரிஃபையர் இருக்கிறது, திரையில் பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்தூசியின் அளவு, எண்ணாக வரும். இரண்டு மாதமாக அந்த எண் 280, 300 என்றே நிற்கிறது, கண்ணாடியை ஏற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட்டினாலும் இறங்கவில்லை. சர்வீஸ் சென்டரில் சென்சார் போய்விட்டது, யூனிட்டோடு மாற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டில் வீசிங் தொந்தரவு உள்ள 6 வயதுக் குழந்தை இருப்பதால் அப்படியே விடவும் மனமில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டாம். நான் கோவையில் கார் எலக்ட்ரிக்கலும் ஏசியும் பார்க்கிறேன். எண் இறங்காத வண்டி வந்தால் முதலில் நான் தெரிந்துகொள்ளப் பார்ப்பது, அந்தச் சென்சார் சொல்வது உண்மையா பொய்யா என்றுதான். ஏனென்றால் என்னிடம் வந்ததில் பல வண்டிகளில் சென்சார் நன்றாகவே இருந்தது, காற்றுதான் நிஜமாகவே அழுக்காக இருந்தது. அந்த நிலையில் சென்சாரை மாற்றினால் புதிதும் அதே 300-ஐத்தான் காட்டும், பணம் போனது போனதுதான், குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கும். எனக்கு இதில் கோபமே வரும். ஒரு பத்து நிமிடச் சோதனையில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்தைப் பார்ட் மாற்றித் தெரிந்துகொள்ளச் சொல்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காற்றுத்தர சென்சார் என்ற ஒரே பெயரில் காரில் இரண்டு வேறு வேறு பொருட்கள் உண்டு. ஒன்று உங்கள் வண்டியில் இருப்பது, உள்காற்றில் தூசித் துகளை எண்ணுகிற லேசர் சென்சார். இன்னொன்று, வைப்பருக்கு அடியிலோ ரேடியேட்டருக்கு முன்னாலோ உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகிற வண்டியின் புகை வாயுவை மோப்பம் பிடித்து, வெளிக்காற்று வரும் கதவைத் தானாக மூடச் சொல்லும் வாயு சென்சார். இது பெரும்பாலும் ஐரோப்பிய வண்டிகளில் இருக்கும், திரையில் எண் எதுவும் காட்டாது. இது கெட்டால் அறிகுறி வேறு, சோதனை வேறு, சுத்தம் செய்யும் முறையும் வேறு. இணையத்தில் ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்து இரண்டு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். உங்களுடையது முதல் வகை என்பதால் அதைத்தான் விரிவாகச் சொல்கிறேன், வாயு சென்சாரைப் பிறகு தொடுகிறேன்.

உங்கள் சென்சாருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பழுது பார்ப்பது எளிது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா, அதற்குள் நகத்தளவு ஃபேன் ஒன்று, அது காற்றை ஒரு இருட்டு அறைக்குள் இழுக்கும். அறையின் குறுக்கே லேசர் ஒளி போகும். தூசித் துகள் அந்த ஒளியைக் கடக்கும்போது ஒளி சிதறும், பக்கவாட்டில் இருக்கும் ஒளி உணரி அந்த மினுக்கை எண்ணும். ஜன்னல் வழியே வெயில் விழும்போது அறையில் மிதக்கும் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே விஷயம்தான். மினுக்கின் பலத்தையும் எண்ணிக்கையையும் வைத்து, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கும் என்று சில்லு கணக்குப் போட்டுச் சொல்கிறது. எடை பார்ப்பதே இல்லை, ஒளியை வைத்து எடையை ஊகிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல குழப்பங்களுக்கு இதுதான் காரணம்.

அறைக்குள் ஒரு முடியோ நூலோ சிலந்தி இழையோ மாட்டிக்கொண்டு ஃபேன் காற்றில் ஆடினால், அது ஆடும் ஒவ்வொரு முறையும் சென்சாருக்குத் துகள் போனது போலத் தெரியும். எண் ஏறி அங்கேயே நிற்கும். மாறாக லென்ஸின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்தால் மினுக்கு மங்கும், எண் குறையும். ஃபேன் நின்றுவிட்டால் காற்றே உள்ளே போகாது, பெரும்பாலும் எண் மிகக் குறைவாக வரும், சில வண்டிகளில் கோடு மட்டும் வரும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 300 காட்டும் வண்டிக்காரர் கவலைப்பட்டு வருகிறார், புகை கக்கும் லாரிக்குப் பின்னால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும்போதும் பச்சையில் 5, 6 என்று காட்டுகிற வண்டிக்காரர் நிம்மதியாக இருக்கிறார், வரவே மாட்டார். உண்மையில் அவர் சென்சார்தான் பழுது.

சரி, சோதனைக்கு வருவோம். பிரித்து வேலை எதுவும் செய்வதற்கு முன், எண்ணை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். பலர் போனில் ஊரின் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்து, அது 90 என்கிறது, கார் 55 என்கிறது, ஏதோ தப்பு என்று நினைக்கிறார்கள். கார் காட்டுவது பெரும்பாலும் மைக்ரோகிராம் கணக்கு, போன் காட்டுவது குறியீட்டு எண். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2014-ஆம் ஆண்டுக் குறியீட்டின்படி, பிஎம் 2.5 60 மைக்ரோகிராம் இருந்தால் குறியீடு 100. அதே 60, அமெரிக்கக் குறியீட்டில் 150-ஐத் தாண்டிவிடும். சில செயலிகள் இந்தியக் கணக்கையும் சில அமெரிக்கக் கணக்கையும் காட்டுகின்றன. அதோடு வாரியத்தின் குறியீடு 24 மணி நேரச் சராசரி, உங்கள் கார் காட்டுவது இந்த நொடி உங்கள் மூக்குக்கு முன்னால் இருப்பது. இவை ஒத்துப்போகாமல் இருப்பது பழுதே இல்லை. கையேட்டில் எந்த அலகு என்று ஒரு வரி இருக்கும், முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது, எண்ணைத் தூக்கிவிடும் அன்றாட விஷயங்கள். வெள்ளிக்கிழமை காரில் ஊதுபத்தி ஏற்றுகிறீர்களா, சாம்பிராணி காட்டுகிறீர்களா? அப்படியானால் 500, 999 என்று வரத்தான் செய்யும், அது பொய் இல்லை, அந்தப் புகை அத்தனையும் பிஎம் 2.5-தான். வீசிங் உள்ள குழந்தை ஏறும் வண்டியில் அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், சாமி கும்பிட்டுவிட்டு வெளியே காட்டிக்கொள்ளலாம். சென்ட் ஸ்பிரே அடித்தாலும் நுண்துளிகளைத் துகளென்று எண்ணும். பனிமூட்டமும் அப்படியே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலை ஏறும்போது, அவ்வளவு சுத்தமான இடத்தில் எண் சிவப்புக்குப் போகிறதே என்று கேட்பார்கள். ஈரப்பதம் மிகும்போது துகள் நீரை உறிஞ்சி உப்பும், மூடுபனியின் துளியும் ஒளியைச் சிதறடிக்கும், சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. இறங்கி வந்ததும் சரியாகிவிடும். உங்களுடையது இரண்டு மாதமாக, நாள் முழுவதும் 300 என்பதால் இதெல்லாம் காரணமில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் பின் சீட்டுக்கு அடியில் சென்ட் டப்பா எதுவும் திறந்து கிடக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. ஒரு புது என்95 முகக்கவசம் வேண்டும், மருந்துக்கடையில் கிடைக்கும். துணி மாஸ்க் ஆகாது. பியூரிஃபையரில் பெரிய காற்று வாய் ஒன்றும், சென்சாருக்கென்று தனியாக விரல் நுழையாத ஒரு சின்னச் சந்தும் இருக்கும். பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ டார்ச் அடித்துத் தேடுங்கள். சாவி ஆன் செய்து பியூரிஃபையரை ஓடவிட்டு, அந்தச் சந்தின் மேல் முகக்கவசத்தை இரண்டு மடிப்பாக வைத்து, ஓரம் எல்லாம் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். முகக்கவசம் வடிகட்டிய காற்று மட்டும்தான் இப்போது சென்சாருக்குள் போகிறது. எண் 300-லிருந்து 10, 5 என்று விழுந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது, அது இதுவரை சொன்னது உண்மை, வண்டிக்குள் காற்றுதான் கெட்டிருக்கிறது. வடிகட்டிய காற்றிலும் 280, 300 என்றே நின்றால் சென்சார் பொய் சொல்கிறது. இவ்வளவுதான். சர்வீஸ் சென்டரில் செலவு மதிப்பீடு போட்டுக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யப் பத்து நிமிடம் போதும்.

விழுந்தது என்றால் ஃபில்டர் பக்கம் போங்கள். உங்கள் வண்டியில் இரண்டு ஃபில்டர் இருக்கும், இது பலருக்குத் தெரிவதில்லை. குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் வழக்கமான ஏசி ஃபில்டர் ஒன்று, பியூரிஃபையருக்குள் தனியாக ஒன்று. சர்வீஸில் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதைத் தொடாமல் விட்டிருப்பார்கள். அதைவிட மோசம், மாற்றியும் தப்பாக மாற்றியிருப்பார்கள். போன வருடம் உங்களுடையதைப் போலவே ஒரு வண்டி வந்தது, புது ஃபில்டர் போட்ட நாளிலிருந்தே எண் இறங்கவில்லை என்றார் அந்த அண்ணன். பியூரிஃபையரைத் திறந்து பார்த்தால் ஃபில்டர் பாலிதீன் உறையோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. உறையைக் கிழிக்காமல் அப்படியே சொருகியிருக்கிறார்கள். ஃபேன் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றுகிறது, ஒரு சொட்டுக் காற்றும் வடிகட்டப்படவில்லை. ஐந்து மாதம். அவர் வீட்டிலும் பெரியவர் ஒருவர் மூச்சுத் தொந்தரவோடு இருந்தார், அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது.

இன்னொரு பொதுவான கோளாறு, வெளியில் வாங்கிய ஃபில்டர் அளவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருப்பது. காற்று எப்போதும் எளிதான வழியில்தான் போகும், தாளை ஊடுருவிக் கஷ்டப்பட்டுப் போவதைவிட ஓரத்து இடைவெளியில் சுலபமாகப் போய்விடும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அது உட்கார்ந்திருந்த சட்டத்தைப் பாருங்கள். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சுத்தமான பக்கத்தில், ஓரமாகக் கறுப்புக் கோடு போலத் தூசி படிந்திருந்தால் அது ஓரம் வழியாகக் கசிந்திருக்கிறது. ஃபில்டரின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும், அது காற்று போகும் திசை, தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள். எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது என்று கையேடு 10,000, 15,000 என்று சொல்லும். மண் ரோட்டிலும் கட்டட வேலை நடக்கும் பகுதியிலும் தினமும் ஓடினால் அதற்கு முன்னாலேயே திறந்து பாருங்கள், கண்ணாலேயே தெரியும். ஏசி ஃபில்டரைத் தட்டிவிட்டும் ஊதிவிட்டும் திரும்பப் போடுவது வேண்டாம். பெரிய குப்பை போகும், நுண்துகள் இழைக்குள்ளேயே இருக்கும், ஊதுகிற வேகத்தில் இழையும் கிழியும்.

முகக்கவசம் வைத்தும் எண் விழவில்லையா? அப்போதும் உடனே பார்ட்டுக்குப் போக வேண்டாம், அடுத்து ஒரு சின்னச் சோதனை. சாவியை அணைத்து, கதவைப் பூட்டி ஒரு பத்து நிமிடம் விடுங்கள், வண்டியின் கன்ட்ரோல் யூனிட்டுகள் தூங்கட்டும். பிறகு சென்சாரின் கப்ளரை, அதாவது வயர் சொருகியிருக்கும் இணைப்பை, கழற்றிவிட்டுச் சாவி ஆன் செய்யுங்கள். இப்போது திரையில் எண் போய் வெறும் கோடு வர வேண்டும், அல்லது பிழைச் செய்தி வர வேண்டும். கப்ளரைக் கழற்றிய பிறகும் அதே 300 இருக்கிறது என்றால் சென்சாருக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை, திரை பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது சாஃப்ட்வேர் விஷயம், ரீசெட் அல்லது அப்டேட் செய்தால் போய்விட வாய்ப்பு உண்டு. கழற்றியதால் பிழைக் குறியீடு ஒன்று பதிவாகும், பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததும் ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். ஆன்லைனில் விற்கும் மலிவான ப்ளூடூத் ஸ்கேனரில் அது தெரியாது. அவை எஞ்சினின் பொதுக் குறியீடுகளை மட்டும்தான் படிக்கும். ஏசி கன்ட்ரோல் யூனிட்டோடு பேசக்கூடிய ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் பாருங்கள்.

கப்ளர் கையில் இருக்கும்போதே அதன் பின்களையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. நடு கன்சோலில் இருக்கும் யூனிட் என்றால் பெரும்பாலும் தண்ணீர் இல்லை, குழந்தை கொட்டிய ஜூஸோ காபியோதான், உலர்ந்த பின் பின்னில் பசையாக நிற்கும். அப்புறம் எலி. கார் நாலு நாள் நின்றால் போதும், எலி கன்சோலுக்கு அடியில் போய் வயரைக் கடித்துவிடும், பாதி கடித்த வயர் வண்டி குலுங்கும்போது மட்டும் தொடர்பை விடும். இந்த மாதிரி விட்டுவிட்டு வருகிற கோளாறை, இக்னிஷன் ஆனில் வயரைக் கையால் மெல்ல ஆட்டி ஆட்டித் திரையைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். மல்டிமீட்டர் இருந்தால் சப்ளை வோல்ட்டேஜையும் எர்த்தையும் பாருங்கள். எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரோ டேஷ்கேமோ வெளியில் மாட்டியிருந்து, அதற்கு எர்த்தை இதே இடத்தில் எடுத்திருந்தால் அதைப் பிரித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

வயரிங் சரி, சென்சார்தான் பொய் சொல்கிறது என்று உறுதியானால், சுத்தம் செய்து பார்க்கலாம். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகும் என்பது என் அனுபவம். என்ன வைத்து ஊதுவது என்பதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் நகத்தளவு ஃபேன் கட்டுக்கடங்காமல் சுற்றி பேரிங் போய்விடும், கம்ப்ரஸர் காற்றோடு வரும் எண்ணெயும் தண்ணீரும் லென்ஸில் படியும், சும்மா தூசி மட்டும் இருந்த சென்சார் அதோடு நிஜமாகவே செத்துவிடும். கேமராக்காரர்கள் லென்ஸ் தூசி ஊத வைத்திருக்கும் ரப்பர் பந்து போதும். ஃபேன் சுற்றாதபடி ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொண்டு, காற்று உள்ளே போகும் வழியிலும் வெளியே வரும் வழியிலும் மாறி மாறி இருபது முப்பது தடவை ஊதுங்கள். மாட்டி, முகக்கவசச் சோதனையை மறுபடி செய்யுங்கள். விழுந்தால் வேலை முடிந்தது.

விழாவிட்டால் மூடியைத் திறக்க வேண்டும். திருகு வைத்த மூடி என்றால் மட்டும் திறங்கள். ஒட்டி மூடியிருந்தால் நெம்பாதீர்கள். சப்ளை கழற்றியிருக்க வேண்டும், திறந்த நிலையில் சப்ளை கொடுத்து உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது, அது லேசர், கண் போய்விடும். உள்ளே முடி, நூல் இருந்தால் ட்வீசரால் எடுங்கள். ஒரு வண்டியில் குளவி மண் வைத்துக் கூடு கட்டி வாயையே அடைத்திருந்தது, இன்னொன்றில் சிலந்தி. லென்ஸையும் உணரியையும் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒரே திசையில் ஒரு முறை துடையுங்கள். 99 சதவீதம் என்று எழுதிய பாட்டில், செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். கை கழுவும் சானிடைசர் கூடாது, அதில் கிளிசரின் இருக்கும், உலர்ந்த பிறகு படலம் விடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடாது. லேசர் டயோடை அசைத்துவிடாதீர்கள், அது தொழிற்சாலையில் குறி வைத்து நிறுத்தியது, அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எண் எதற்கும் உதவாது. கால் மணி நேரம் உலரவிட்டு மூடுங்கள்.

இதன் பிறகும் வடிகட்டிய காற்றில் எண் இறங்காவிட்டால், அல்லது ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால், சென்சாரின் ஆயுள் முடிந்தது, மாற்றுங்கள். லேசரும் ஃபேனும் தேய்கிற பொருட்கள், வருடக்கணக்கில் ஓடியபின் போவது இயல்பு. மாற்றும்போது ஒரு கேள்வி கேளுங்கள், சென்சார் தனிப் பார்ட்டாக வருகிறதா, முழு பியூரிஃபையரோடு சேர்த்துத்தான் வருகிறதா என்று. சில வண்டிகளில் தனியாகவே பார்ட் நம்பர் இருக்கும், கவுண்டரில் நாமாகக் கேட்டால்தான் தேடிப் பார்ப்பார்கள். ஆன்லைனில் தனியாகக் கிடைக்கும் பொதுவான லேசர் சென்சாரை வாங்கி வெட்டி ஒட்டுவதை நான் செய்வதில்லை. வெளியே டப்பா ஒன்று போலத் தெரிந்தாலும் அது பேசும் மொழி வேறு.

இனி அந்த வாயு சென்சார், சுருக்கமாக. இதில் சூடாக்கப்பட்ட உலோக ஆக்சைடு இருக்கும், பெரும்பாலும் டின் ஆக்சைடு. காற்றில் கார்பன் மோனாக்சைடோ எரியாத பெட்ரோல் ஆவியோ வந்தால் அதன் மின்தடை குறையும், டீசல் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடு வந்தால் தடை கூடும். அதனால் பல சென்சார்களில் பெட்ரோல் புகைக்கு ஒன்று, டீசல் புகைக்கு ஒன்று என இரண்டு உணரிகள். ஜப்பானில் நவோயோஷி தகுச்சி என்பவர் 1962-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனையின் வழியில் வந்தது இது, வீட்டு சமையல் கேஸ் கசிவு அலாரத்துக்காக வளர்ந்த தொழில்நுட்பம். தூசி இதற்குத் தெரியாது. இது கெட்டால் ஒன்று, கதவு மூடியே கிடந்து மழையில் கண்ணாடி பனித்துப்போகும், இல்லை எவ்வளவு புகை வந்தாலும் மூடாது.

சோதிக்க, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் ஆன் செய்து, ஆட்டோ ரீசர்குலேஷனைப் (வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிடும் வசதி) போட்டு, சென்சார் சூடாக ஒரு நிமிடம் விட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சை சென்சாருக்குப் பக்கத்தில் காட்டுங்கள். சில நொடியில் உள்ளே கதவு மூடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ரீசர்குலேஷன் பட்டனைக் கையால் அழுத்திப் பாருங்கள், அப்போதும் கதவு அசையாமல் டிக் டிக் என்று மட்டும் சத்தம் வந்தால் பழுது சென்சாரில் இல்லை, கதவு மோட்டாரின் பிளாஸ்டிக் பல்லில். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் இந்தச் சென்சாரின் பெயர் ஜி238, அது கெட்டிருந்தால் ஏசி யூனிட்டின் ஸ்கேனில் 01592 என்ற குறியீடு வரலாம். குறியீடு சென்சார் பெயரைச் சொன்னாலும் முதலில் கப்ளரைப் பாருங்கள். வேப்பமரம், புங்கமரம் அடியில் நிறுத்தும் வண்டிகளில் வைப்பர் அடியில் இலை மட்கித் தண்ணீர் போகும் வழி அடைபட்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிக் கப்ளர் ஊறிப்போகும். கப்ளர் பின் கரைந்திருந்தால் சென்னை புதுப்பேட்டையின் பழைய பார்ட் கடைகளில் வயரோடு பழைய கப்ளர் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் வாயு சென்சாரைப் பழையதாக வாங்காதீர்கள்.

ஏன் என்றால் இதற்கு சிலிக்கோன் விஷம். டேஷ்போர்டு பளபளக்க அடிக்கும் பாலிஷ், ரப்பருக்கு அடிக்கும் சிலிக்கோன் ஸ்பிரே, கண்ணாடி ஒட்டும் சீலன்ட், இவற்றின் ஆவி சூடான உணரியின் மேல் பட்டால் மணல் போன்ற சிலிக்கா படலமாக மாறி நிரந்தரமாக மூடிவிடும். எந்த ஸ்பிரிட்டாலும் அதைத் துடைத்து எடுக்க முடியாது. பழைய சென்சார் எந்த வண்டியில், எதை எல்லாம் குடித்துவிட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. வண்டி வாட்டர் சர்வீஸுக்குப் போகும்போது வைப்பர் பக்கமும் ஏசி வாயிலும் பாலிஷ் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன், எண்ணை விட அதுதான் முக்கியம். சென்சார் சரியாகும் வரை காத்திருக்க வேண்டாம். லாரி, பேருந்துக்குப் பின்னால் சிக்னலில் நிற்கும்போது ரீசர்குலேஷன் பட்டனை நீங்களே போடுங்கள், நகர்ந்து வெட்டவெளிக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். எடுப்பதை மறக்கக் கூடாது. நான்கு பேர் உட்கார்ந்து முழுவதும் மூடிய வண்டியில் கார்பன் டை ஆக்சைடு பத்து இருபது நிமிடத்திலேயே 2000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 2000 பங்கு) தாண்டும், வெளியே அது 420 பக்கம்தான். தூக்கம் வரும், தலை கனக்கும், ஓட்டுபவருக்கு அது ஆபத்து. இந்தச் சென்சார் எதுவும் கார்பன் டை ஆக்சைடைப் பார்ப்பதில்லை.

கார்பன் மோனாக்சைடையும் உங்கள் திரையில் இருக்கும் எண் பார்க்காது. சைலன்சர் ஓட்டையாகி வாயு உள்ளே வந்தால் பிஎம் எண் பச்சையிலேயே இருக்கும்போது ஆள் மயங்கிவிடலாம். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீர்கள், குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள், வெளியூர்ப் பயணத்தில் ஐந்து நிமிடம் என்றாலும் கூட. இந்தச் சென்சார் இருக்கிறதே என்று தைரியமாக இருக்கும் ஒருவரைப் பார்த்ததால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியை இறக்கி உள்ளே வெளிக்காற்று நிறையவிட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடியை ஏற்றி, ரீசர்குலேஷன் போட்டு, பியூரிஃபையரை முழு வேகத்தில் வைத்து பத்து நிமிடம் ஓட்டி மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். நல்ல ஃபில்டரும் நல்ல சென்சாரும் இருந்தால் இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே வந்துவிடும். இந்த இரண்டு எண்ணையும் இப்போது எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து அதே ரோட்டில் ஓட்டிப் பார்க்கும்போது ஃபில்டர் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரியும். புது ஃபில்டரைச் சொருகும்போது உறையைக் கிழித்துவிட்டீர்களா என்று பார்த்து, அதன் சட்டத்தின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரில் எழுதிவிட்டு மூடுங்கள்.